‘சரி’ என்ற ஒரு சொல்: மூத்த எழுத்தாளர் ஒருவரின் தபாலும் அழைப்பிதழ்களும்
(சேலத்திலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு)

நான் நூலகத்தில் 31 ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். சேலம் அஸ்தம்பட்டியில் இருக்கும் ஒரு மூத்த நாவலாசிரியரின் வீட்டுக்குக் கடந்த 14 மாதமாகத் தினமும் காலை 10 மணிக்குப் போகிறேன். வந்த தபாலைப் பிரித்துக் கொடுப்பது, அவர் சொல்லச் சொல்லப் பதில் எழுதுவது, விழா அழைப்புகளைக் குறித்து வைப்பது, இவ்வளவுதான் வேலை. சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. அவருடைய கதைகளைப் படித்துத்தான் நான் புத்தகங்களுக்கு நடுவே வாழவேண்டும் என்று ஆசைப்பட்டேன். அந்தக் கடன் இன்னும் தீரவில்லை.

பெயர் போடாமல் எழுது என்று அவரே சொன்னார். எழுதியதை வாசித்துக் காட்டி இரண்டு இடத்தில் திருத்தமும் வாங்கிக்கொண்டேன். ‘ஐயா’ என்றே இங்கே குறிப்பிடுகிறேன். வயது 84. பள்ளியில் தமிழாசிரியராக இருந்தவர். சர்க்கரை, ரத்த அழுத்தம் இரண்டுக்கும் மாத்திரை எடுக்கிறார். மனைவி தவறிப் பல வருடமாகிறது. மகன், மருமகளோடு இருக்கிறார்.

இதை எழுதக் காரணம், இப்படி ஒரு பெரியவர் அநேகமாக எல்லா ஊரிலும் இருக்கிறார். எழுத்தாளராக இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற வாத்தியாராக, நாடகக்காரராக, வைத்தியராக இருப்பார். அவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டார் செய்யும் ஒரு தவறை இந்த வீட்டாரும் செய்தார்கள். பிறகு நானும் ஒன்று செய்தேன்.

ஒரு நாள் தபால் எப்படி இருக்கும் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். போஸ்ட்மேன் பதினொன்றரை வாக்கில் வருவார். சும்மா ‘எழுத்தாளர், சேலம்-7’ என்று போட்டு வந்த கடிதத்தையும் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார். ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை வந்தவை: இரண்டு சிற்றிதழ்கள். அணிந்துரை கேட்டு ஒரு கவிதைத் தொகுப்பு, சுருள் பைண்டிங்கோடு. கல்லூரித் தமிழ் மன்றத் தொடக்கவிழா அழைப்பு. நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய ஒரு கல்யாணப் பத்திரிகை. தாரமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு தறிக்காரர் எழுதிய இன்லண்டு லெட்டர், மூன்று பக்கமும் நெருக்கி எழுதி, மடிப்பு ஓரத்தில்கூட இரண்டு வரி. அப்புறம் ஒரு கருமாதிக் கார்டு. அந்தக் கார்டை மருமகள் வாசலிலேயே வைத்துப் படித்துச் சொல்லிவிட்டுக் கிழித்துப் போட்டுவிடுவார். சாவுச் செய்தியை வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பது அவர் வளர்ந்த வழக்கம். ஐயா அந்த முகவரியை மட்டும் எழுதி வாங்கிக்கொள்வார். அன்றைக்கு முதல் பதில் அந்த வீட்டுக்குத்தான் போகும்.

இது போக செல்போன். அழைப்பிதழ்களில் பெரும்பங்கு அதில்தான் வந்தது. சிக்கலும் அங்கேதான் தொடங்கியது.

நான் அங்கே போவதற்கு முந்திய தை, மாசி இரண்டு மாதத்திலும் ஐயா வாரம் இரண்டு மேடை ஏறியிருக்கிறார். புத்தக வெளியீடு, பள்ளி ஆண்டு விழா, பட்டிமன்றம், யாரோ ஒருவருடைய மணிவிழா. மாசியில் ஓர் அமைப்பு நடத்திய விழாவுக்கு மாலை 5 மணி என்று அச்சடித்திருந்தார்கள். தொடங்கியது ஆறேகாலுக்கு. ஐயா பேசியது எட்டு நாற்பதுக்கு. மேடைக்குப் பக்கத்தில் கழிப்பறை இருக்குமா இருக்காதா என்று தெரியாததால், விழா உள்ள நாட்களில் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவாராம். வீட்டில் யாருக்கும் இது தெரியாது. அவர் எடுத்துவந்த ரத்த அழுத்த மாத்திரை உடம்பிலிருந்து நீரை இழுத்து வெளியேற்றும் வகை. எட்டு மணி நேரம் தண்ணீர் இல்லை, மூன்று மணி நேரம் ஒரே நாற்காலி. கடைசியில் நாட்டுப்பண்ணுக்கு எல்லோரும் எழுந்தபோது இவரும் எழுந்தார், அப்படியே முன்னால் சாய்ந்துவிட்டார். நெற்றியில் தையல். நாலு நாள் ஆஸ்பத்திரி.

மகன் பயந்துபோனார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். தன் அப்பா ரத்தத்தோடு கிடக்கும் படம் ஒரு மணி நேரத்துக்குள் வாட்ஸ்அப்பில் சுற்றியதைப் பார்த்த மனிதர் அவர். வீட்டுக்கு வந்ததும் ஐயாவின் செல்போனை வாங்கி வைத்துக்கொண்டார். யார் கேட்டாலும் ‘அப்பா ஓய்வில் இருக்கிறார்’. தபால் வந்தால் அதைப் பார்த்து மறுபடியும் எங்காவது கிளம்பிவிடுவார் என்று, வருகிற எல்லாவற்றையும் ஒரு கட்டைப்பையில் போட்டுப் பரணில் ஏற்றிவிட்டார்கள். ஒன்பது வாரம்.

அந்த நாட்களில் நான் இரண்டு தடவை பார்க்கப் போயிருந்தேன். முதல் தடவை பேசினார். இரண்டாம் தடவை செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் பக்கத்தில் கிடந்தது. சவரம் செய்யவில்லை. பதினொன்றரைக்கு வாசல் பக்கம் பார்த்தார். “போஸ்ட் வந்துச்சாம்மா?” என்றார். “ஒண்ணும் வரலைங்க மாமா” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது. ஐயா என்னைப் பார்த்து, “அவ்வளவுதான் தம்பி. ஆள் இல்லாட்டிப் போஸ்ட்டும் இல்லை” என்றார்.

நான் கிளம்பும்போது மருமகள் கேட் வரைக்கும் வந்தார். “அண்ணா, தப்பு பண்றோமோன்னு இருக்குதுங்க” என்று சொல்லிப் பரணைப் பற்றிச் சொன்னார். மறுநாள் மகனிடம் பேசினேன். அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: யாராவது கூடவே உட்கார்ந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால் சரி. அப்படித்தான் நான் அங்கே போய்ச் சேர்ந்தேன்.

பையைக் கூடத்தில் கொட்டினோம். 143 உருப்படி. அதில் அழைப்பிதழ் மட்டும் 52, எல்லாம் தேதி கடந்தவை. ஐயா கோபப்படவில்லை. ஒவ்வொன்றாக எடுத்து முகவரியைத் தடவிப் பார்த்தார். ஏழு அழைப்பிதழ்களில் அவர் பெயரே தலைமை என்றோ வாழ்த்துரை என்றோ அச்சாகியிருந்தது. “நான் எப்ப ஒத்துக்கிட்டேன்?” என்றார். உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

அந்தக் கேள்விக்கு விடை கிடைக்க எனக்கு ஒரு வாரம் ஆனது. செல்போனைத் திருப்பிக் கொடுத்த அன்று ஓர் அழைப்பு வந்தது. எதிர்முனையில் ஒருவர் மடமடவென்று பேசினார். ஐயா “சரிங்க… சரி சரி… பார்க்கலாம்ங்க” என்றார். வைத்ததும் என்ன விஷயம் என்று கேட்டேன். “யாரோ விசாரிச்சாங்க” என்றார். நான் அதே எண்ணுக்குத் திரும்பக் கூப்பிட்டேன். அந்த மனிதர் மகிழ்ச்சியோடு, “ஐயா ஒத்துக்கிட்டாருங்க, பத்திரிகை அடிக்கக் குடுத்துட்டோம்” என்றார்.

ஐயாவுக்குக் காது சரியாகக் கேட்கவில்லை. முதுமையில் முதலில் போவது உச்சஸ்தாயி ஒலிகள். பேச்சில் க, ச, த போன்ற மெய்களின் கூர்மை அதில்தான் இருக்கிறது. குரல் கேட்கும், சொல் பிரியாது. நேரில் பேசினால் முகத்தையும் உதட்டையும் பார்த்துச் சமாளித்துவிடலாம். போனில் அது முடியாது. மூன்று தடவை ‘என்னங்க?’ என்று கேட்கக் கூச்சம். அதனால் ‘சரி’. நம் பேச்சு வழக்கமும் சேர்ந்துகொள்கிறது. ‘பார்க்கலாம்’, ‘முயற்சி பண்றேன்’ என்பதெல்லாம் சொல்கிறவர் வாயில் ‘வர முடியாது’ என்று அர்த்தம். கேட்கிறவர் காதில் ‘வருகிறேன்’. இரண்டு பக்கமும் பொய் சொல்லவில்லை. நடுவில் ஒரு கிழவர் மேடையில் மயங்கி விழுகிறார்.

இந்த நிகழ்வில் எனக்குப் பிடிபட்ட முக்கியமான விஷயம் இதுதான். கடிதம் அவருக்கு வேறு, விழா அழைப்பு வேறு. கடிதத்துக்குக் காது தேவையில்லை. கண்ணாடி போட்டால் படிக்கிறார், களைத்தால் மூடி வைக்கிறார், நாளைக்கு மறுபடி எடுக்கிறார். அதில் அவர் அன்றைக்கு இருந்த அதே ஆள். அழைப்பு அவருடைய காதையும் காலையும் மூத்திரப்பையையும் கேட்கிறது. வீட்டார் இரண்டையும் ஒரே பையில் போட்டுக் கட்டினார்கள். வலியோடு சேர்த்து மருந்தையும் நிறுத்தியதுபோல ஆகிவிட்டது.

காதுக்கு மகன் மறுவாரமே ஏற்பாடு செய்தார். கருவி வாங்கியாயிற்று, பாதி நாள் மேசை டிராயரில்தான் இருக்கிறது. அதனால் போன் அழைப்புகளை முழுதாக எழுத்துக்கு மாற்றினோம். யார் கூப்பிட்டாலும் மருமகள் ஒரே பதில்தான் சொல்வார்: “ஐயாவுக்கு ஒரு கார்டு போடுங்க, இல்லாட்டி விவரமா எழுதி வாட்ஸ்அப்ல அனுப்புங்க. ஐயா எழுத்துல பதில் தருவார். அது வர்ற வரைக்கும் பேர் போடாதீங்க.” இந்த ஒரு வாக்கியத்திலேயே அழைப்புகளில் பாதி நின்றுபோயின. ஐம்பது காசுக் கார்டு போடச் சோம்பல்படுகிறவருக்கு ஐயா அவ்வளவு அவசியமில்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன்.

அடுத்தது பேரேடு. இந்த யோசனை என்னுடையது இல்லை. ஆலிஸ் கதைகளை எழுதிய ஆங்கில எழுத்தாளர் லூயிஸ் கரோல் 1861 ஜனவரி 1 அன்று ஒரு கடிதப் பதிவேடு தொடங்கினார். வந்தது, போனது எல்லாவற்றுக்கும் எண் போட்டு, ஒவ்வொன்றுக்கும் சுருக்கம் எழுதி, 1898இல் சாகும்வரை 37 ஆண்டு நடத்தினார். கடைசி எண் 98,721. கடைசிக் காலத்தில் மனிதர் விருந்து அழைப்புகளை மறுத்துக்கொண்டே வந்தார், மிச்சமிருக்கிற வேலையை முடிக்க நேரம் வேண்டும் என்று. ஆனால் கடிதத்தை விடவில்லை. ஐயாவிடம் இதைச் சொன்னபோது வெகுநேரம் சும்மா இருந்தார். பிறகு, “நமக்கு நாலு இலக்கம் போதும். நோட்டு வாங்கிட்டு வா” என்றார். நீள ஃபுல்ஸ்கேப் நோட்டு, நாலு கட்டம்: எண், தேதி, யார்–என்ன, பதில் போன நாள். பரண் பையில் இருந்தது முழுக்க எண் போட்டு ஏற்றப் பதினோரு நாள் ஆனது. வாசகர் கடிதங்கள் எல்லாவற்றுக்கும் பதில் போனது. தாமதத்துக்குக் காரணமும் ஒளிக்காமல் எழுதினார்: விழுந்துவிட்டேன், இப்போது நலம்.

கரோலிடமிருந்து இன்னொன்றும் எடுத்துக்கொண்டோம். கடிதம் எழுதுமுன் உறையில் முகவரியை எழுதித் தபால்தலையையும் ஒட்டிவிடு என்று அவர் யோசனை சொல்லியிருக்கிறார். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கை நடுங்குகிற ஒருவருக்கு முதல் பத்து நிமிடம்தான் எழுத்து நேராக வரும். போஸ்ட்மேன் படிக்க வேண்டியது அந்தப் பத்து நிமிடத்தில் முடிந்துவிட வேண்டும். பின்கோடின் ஆறு கட்டத்தையும் ஐயா ஒவ்வொரு எண்ணாக, உதட்டை அசைத்துச் சொல்லிக்கொண்டே நிரப்புவார். பிறகு கார்டைத் திருப்பி விஷயத்தைச் சொல்ல, நான் எழுதுவேன். கடைசி வரியும் கையெழுத்தும் அவருடையது. அந்தக் கடைசி வரி இடமிருந்து வலமாகக் கொஞ்சம் சரிந்துகொண்டே போகும்.

மறுப்புக் கடிதத்தில்தான் நிறைய விவாதம். நாடகாசிரியர் பெர்னார்ட் ஷா ஒரே மாதிரிக் கேள்விகளுக்கென்று அச்சடித்த கார்டுகள் வைத்திருந்தார். கையெழுத்து கேட்கிறவர்களுக்கு ஒன்று, மரக்கறி உணவைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு ஒன்று என்று. அதைப்போல நூறு கார்டு அச்சடித்துவிடலாம், கை மிச்சம் என்று சொன்னேன். ஐயா ஒப்பவில்லை. “எழுத்தாளர் வல்லிக்கண்ணன் முகம் தெரியாத பையனுக்கெல்லாம் கைப்பட எழுதினார். நான் அச்சடிச்சு அனுப்பவா?” என்றார். அவர் சொன்னது சரி என்பது பிறகு புரிந்தது. மறுப்பில் அவர் கடைப்பிடிக்கும் முறை இப்படி: முதல் வரியிலேயே வர இயலாது என்று எழுதிவிட வேண்டும், ‘முயல்கிறேன்’ கூடாது. காரணம் ஒரே ஒரு வரி. அப்புறம் அவர்கள் எழுதியதில் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும். ஒரு பள்ளிக்குப் போனது அப்படியே:

“அன்புள்ள தலைமையாசிரியர் அவர்களுக்கு, வணக்கம். ஆண்டு விழாவுக்கு வர இயலாது. இருட்டிய பிறகு வெளியே போவதை நிறுத்திவிட்டேன். ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் சுவர்ப் பத்திரிகை நடத்துவதாக எழுதியிருக்கிறீர்கள். பழைய இதழ் ஒன்று இருந்தால் அனுப்பச் சொல்லுங்கள். படித்துவிட்டு அவர்களுக்கே எழுதுகிறேன்.”

பத்து நாளில் ஒரு சார்ட் அட்டை, செய்தித்தாளில் உருட்டிச் சுற்றி வந்தது. ஐயா அதைக் கட்டிலில் விரித்து, இரண்டு ஓரத்திலும் புத்தகம் வைத்து, லென்ஸோடு ஒரு முழுக் காலை படித்தார். நாலு பிள்ளைகளுக்கு நாலு கார்டு. மேடையில் பொன்னாடை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த நாலு பிள்ளைகளின் பெயர்கூட அவருக்குத் தெரிந்திருக்காது.

விழாக்களை அடியோடு நிறுத்தவில்லை. மாதம் இரண்டு, ஊருக்குள், மதியச் சாப்பாட்டுக்கு முன். வீட்டு வாசலிலிருந்து வண்டி. முதலில் இவர் பேசிவிட்டு இறங்கிவிடுவார், நன்றியுரை வரை இருக்கமாட்டார். மேடைப்படிக்குக் கைப்பிடி இருக்கிறதா, கழிப்பறை எங்கே என்று நான் முன்கூட்டியே போன் செய்து கேட்பேன். கேட்கத் தயங்கினேன், விழாக்காரர்கள் யாரும் முகம் சுளிக்கவில்லை. கழிப்பறை இருக்கும் இடம் தெரிந்த நாளிலிருந்து ஐயா தண்ணீர் குடிக்கிறார். நீரை வெளியேற்றும் மாத்திரையை டாக்டர் மாற்றிக் கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகு தலைசுற்றல் வரவில்லை.

இனி என் தவறு. ஆறாம் மாதம், ஆத்தூரிலிருந்து ஒரு கல்யாணப் பத்திரிகை தபாலில் வந்தது. நான் அதை ‘வெளியூர், மாலை வரவேற்பு’ என்று பேரேட்டில் ஏற்றி, மறுப்பு வரிசையில் வைத்துவிட்டேன். அன்றைக்கு ஐயாவுக்குக் காய்ச்சல். பெயர்களைச் சொல்லி வாசித்தேன். அரைத் தூக்கத்தில் ‘சரி’ என்றார். அந்தச் சொல்லின் பாடத்தை மற்றவர்களுக்கு அவ்வளவு தூரம் சொன்ன நானே அதை நம்பினேன். வாழ்த்துக் கார்டு போய்விட்டது. மூன்று வாரம் கழித்து ஐயா பேரேட்டைப் புரட்டும்போது அந்த வரியில் விரல் நின்றது. அது 40 வருடமாகக் கூட இருந்த நண்பர், ஒரே பள்ளியில் வேலை பார்த்தவர். பேத்தி கல்யாணம். முழங்கால் வலியால் நேரில் வந்து வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிட முடியவில்லை என்று பத்திரிகைக்குள் தனிச் சீட்டு ஒன்று வைத்திருந்தார். அந்தச் சீட்டை நான் பிரித்தே பார்க்கவில்லை.

ஐயா என்னைத் திட்டவில்லை. அன்று முழுக்கப் பேசவும் இல்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை மகன் வண்டியில் ஆத்தூர் போனோம், மூன்று பேரும். நண்பர் வாசலில் நாற்காலியில் இருந்தார். எழுந்திருக்கவில்லை. “கார்டு வந்துச்சு, பார்த்தேன்” என்றார். அவ்வளவுதான். அவருடைய மனைவிதான் உள்ளே கூப்பிட்டுக் காபி கொடுத்தார். நான் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நண்பர் என்னைப் பார்க்காமல் ஐயாவைப் பார்த்து, “உன் கையெழுத்து இருந்துச்சே?” என்றார். இருந்தது. கையெழுத்துப் போட வேண்டிய கார்டுகளை அடுக்கி நீட்டுவது நான்தான்.

அதிலிருந்து உறவு, நட்பு சம்பந்தப்பட்ட பத்திரிகை எதையும் நான் பேரேட்டில் ஏற்றுவதில்லை. அது தட்டில் வைத்து ஐயாவிடம் போகும். காய்ச்சல் இல்லாத, முகம் பார்த்துப் பேசுகிற நேரத்தில். போவதா வேண்டாமா என்பதை அவரும் மகனும் பேசி முடிவெடுப்பார்கள். இரண்டு கல்யாணத்துக்கு முகூர்த்தத்துக்கு மட்டும் போய் வந்தார். களைத்துத்தான் வந்தார், ஆனால் அந்தக் களைப்பு வேறு. இந்த வேலையை வேறு யாராவது எடுத்துச் செய்வதாக இருந்தால் உறவு, நட்புப் பத்திரிகைகளை முதல் நாளே தனியாகப் பிரித்துவிடுங்கள்.

ஏற்காட்டு மலையில் ஐயா இருந்த நாட்களைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இந்த மே மாதம் மூன்று வாரம் ஒரு சொந்தக்காரர் வீட்டில் போய் இருந்தார். முந்திய வருடங்களில் அங்கே இருந்தபடியே விழாவுக்காக இறங்கி ஏறியிருக்கிறார். 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, பேசிவிட்டு, அன்றிரவே மறுபடி 20 வளைவு. கோடை விழா நாட்களில் அந்தப் பாதையில் வண்டிகள் நகரவே நேரம் பிடிக்கும். இந்தத் தடவை இறங்கவே இல்லை. தபாலை நான் வாரம் ஒருநாள் பஸ்ஸில் கொண்டுபோனேன். நேரே ஏற்காட்டுப் பின்கோடான 636601க்கு வந்த கடிதங்களும் இருந்தன. காப்பித் தோட்டத்தில் வேலை செய்த பெண்மணி ஒருவரின் மகன், இப்போது வேன் ஓட்டுகிறவர், ஐயாவின் நாவலில் வரும் லயன் வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு) தன் அம்மா பிறந்த வீடு மாதிரியே இருக்கிறது என்று எழுதியிருந்தார். எழுதிய மூன்றாம் நாள் நேரிலேயே வந்துவிட்டார். மழைச் சாரல், தாழ்வாரத்தில் எதிரெதிரே நாற்காலி, வேறு சத்தம் இல்லை. அவர் பேசிய ஒவ்வொரு சொல்லும் ஐயாவுக்குக் கேட்டது. இரண்டு மணி நேரம் போனது தெரியவில்லை. மேடைகளைக் குறைத்ததில் அவர் இழந்தது எதுவும் இல்லை என்று அன்றைக்கு எனக்கு உறுதியானது.

இப்போதைய நிலை. இன்று காலை பேரேட்டில் எண் 1,604. வந்ததும் போனதும் சேர்த்து. கை நடுக்கம் கூடியிருக்கிறது. கடைசி வரியை எழுதுவது இல்லை, கையெழுத்து மட்டும். மகன் இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் என் நாற்காலியில் உட்காருகிறார். அப்பாவின் கதைகளைப் படிக்காத மனிதர், அப்பாவுக்கு வந்த கடிதங்களைப் படித்த பிறகு கதைகளுக்குப் போயிருக்கிறார். ஆத்தூர் நண்பர் வெகுநாள் மௌனமாக இருந்தார். பொங்கலுக்கு ஒரு கார்டு வந்தது, “சுகம். நீ?” என்று மட்டும். அந்தக் கார்டுக்கு எண் போடவில்லை.

தீராமல் இருப்பது அணிந்துரைக் கட்டுகள். 23 இருக்கின்றன. மறுத்துவிடலாம் என்று நான் சொல்கிறேன். எழுதிய பையன் காத்திருப்பான் என்கிறார் அவர். மறுப்பு எழுதவும் படிக்க வேண்டும், படிக்க வேண்டுமென்றால் கண் வேண்டும். லென்ஸ் வைத்து ஒரு நாளைக்கு இரண்டு பக்கம் போகிறது. முதல் கட்டில் இப்போது 31ஆம் பக்கம். பக்க ஓரத்தில் பென்சிலால் ஒரு சின்னப் புள்ளி வைத்துவிட்டு, “இந்த வரி நல்லா இருக்கு, இதைத் தனியா எழுதி வை” என்றார். எழுதி வைத்திருக்கிறேன்.